மலையடிவாரத்தார் கடலுக்குப் போனது

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு தீவுக்காட்சி உண்டு. முன்னால் தென்னைகள், அப்பால் அசையாத தண்ணீர், எதிர்க்கரை நுனியில் ஒரு கலங்கரை விளக்கம், அதன் முதுகில் மலை. 2001இல் வந்த நோட்டு அது. 2019இல் எல்லோராக் குகையோடு பச்சை கலந்த மஞ்சளில் புதியது வந்தபிறகு கண்ணில் படுவது குறைந்துவிட்டது. என் கணவர் வங்கி வேலையில் இருந்தபோது திருமலையில் பரகாமணி சேவைக்குப் போவார். உண்டியலில் விழுந்ததைக் கொட்டி, பிரித்து, அடுக்கி, எண்ணுகிற சேவை. பை இல்லாத வேட்டியோடு தரையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் குனிந்திருக்க வேண்டும். "அந்தமானை நான் எண்ணியிருக்கேன், பார்த்ததில்ல" என்று ஒருநாள் சொன்னார். அந்தப் படத்தில் இருப்பது போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள நார்த் பே என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேண்டிக்கொண்டு போடும் காசின் பின்பக்கத்தை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

எங்கள் தலைமுறைக்கு அந்தமான் என்றால் முதலில் சிறை. 1952இல் எம்.ஜி.ஆர் நடித்து 'அந்தமான் கைதி' வந்தது. 1978இல் சிவாஜி நடித்து 'அந்தமான் காதலி' வந்தது. அடுத்த வருஷமே செல்லுலர் சிறையைத் தேசிய நினைவுச் சின்னமாக்கினார்கள். கைதி போய்க் காதலி வருவதற்கு இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது. இன்று திருப்பதி ரேணிகுண்டா சாலையில் உள்ள எந்த டிராவல்ஸ் கடைப் பலகையிலும் காசி, ஷீரடிக்குக் கீழே அந்தமான் இருக்கிறது, ஹனிமூன் பேக்கேஜ் என்ற அடைமொழியோடு. இதில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு. எல்.டி.சி. என்னும் விடுமுறைப் பயணக் கணக்கில் மத்திய அரசு ஊழியர்கள் அந்தமானுக்கு விமானத்தில் போய்வரச் சலுகை கொடுத்து, அதை நீட்டிக்கொண்டே வந்தது. தபால் ஆபீஸ், வருமானவரி ஆபீஸ் குடும்பங்கள் பல கடலின் நீலத்தைக் கண்டது அந்தச் சுற்றறிக்கையின் புண்ணியத்தில்.

எங்களுக்கு அந்தப் புண்ணியம் இல்லை. கைக்காசுதான். ஆனாலும் போகவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் கடல் ஆசை மட்டும் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கே புரியும் காரணம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் வருஷம் முழுவதும் யாராவது படுத்திருப்பார்கள். வேலூரிலிருந்து ஒன்றுவிட்ட சித்தி, அவர் மருமகளின் தம்பி, அவன் சிநேகிதன், மூவருக்கும் புதுமொட்டை, தலையில் சந்தனம். விடியற்காலை இரண்டு மணிக்குக் குளியலறையில் வெந்நீர் கேட்கும். கல்யாணமான புதிதில்கூட நானும் அவரும் தனியாகப் பேசிக்கொண்டது அடுப்பங்கரையில்தான், அதுவும் யாருக்கு எத்தனை மணிக்குத் தரிசனம் என்பதைப் பற்றி. ஊரெல்லாம் விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வருகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் விடுமுறைக்குப் போவது விருந்தாளிகளிடமிருந்து தப்பிக்க.

பட்ஜெட் என்ற சொல்லுக்கும் எங்கள் ஊரில் தெய்வ சம்மதம் உண்டு. பெருமாளே கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கியவர். இன்னும் வட்டி அடைந்துகொண்டிருக்கிறது, உண்டியலே அதற்குத்தான் என்பது ஐதீகம். பாற்கடலை விட்டு மலைக்கு வந்தார். தாயார் கீழே திருச்சானூரில், இவர் மேலே. கடனாலும் தூரத்தாலும் ஆன அந்தத் தாம்பத்தியத்தைப் பார்த்து ஆசி வாங்கத்தான் தென்னிந்தியாவின் புதுத் தம்பதிகள் அத்தனை பேரும் மஞ்சள் கயிறு ஈரம் காயுமுன் வருகிறார்கள். ஆயிரம் ரூபாய்ச் சீட்டெடுத்துக் கல்யாணோத்ஸவத்தில் உட்காருகிறார்கள்.

"கடல் பார்க்கணும்னா காளஹஸ்தி தாண்டிப் போனா வந்துடுமே, அதுக்கு எதுக்கும்மா ஏரோப்ளேன்?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது நெல்லூரிலிருந்து கூடூரும் சூளூர்ப்பேட்டையும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் ஆனது. ஒரே அரசாணையில் எங்களுக்குப் பழவேற்காடு ஏரி வந்தது, ஸ்ரீஹரிக்கோட்டாவின் ராக்கெட் தளம் வந்தது, தூபிலிப்பாளையம் கடற்கரை வந்தது. அங்கே போயிருக்கிறோம். அலையும் காற்றும் நன்றாகவே இருக்கும். ஆனால் முழங்கால் தண்ணீரில் நின்றால் பாதம் தெரியாது.

அதற்குக் காரணம் எங்கள் ஊர் ஆறு. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சுவர்ணமுகி திருப்பதியை ஒட்டி, காளஹஸ்திக் கோயில் படியைத் தொட்டு, அந்தக் கடலில்தான் போய்ச் சேர்கிறது. வடக்கே பெண்ணை, அதற்கும் வடக்கே கிருஷ்ணை, கோதாவரி. அத்தனை ஆறும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் கரையில் பவளப்பாறை வளராது. அதற்குத் தெளிந்த உப்புநீர் வேண்டும், தரைவரை வெளிச்சம் இறங்கவேண்டும், மேலே வண்டல் படியக்கூடாது. சோறு விளைவிக்கும் ஆறுகள் இருக்கிற கரையில் கடலுக்கு உள்ளே பார்க்க முடியாது. பெரிய ஆறு இல்லாத இடம் தேடிப் போகவேண்டும். மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான். இந்தப் பூகோளத்தை மாமியாரிடம் சொன்னேன். "அப்ப ராமேஸ்வரம் போங்க, தர்ப்பணமும் ஆச்சு" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பரம்பரையே பேசுகிறது. நம்மவர்களுக்குக் கடல் நீத்தாருக்கு நீர் விடும் இடம், ஆடி அமாவாசைக்கு முழுகும் இடம். மாலையில் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போவது மெரினாவில் வெள்ளைக்காரன் உலாப்பாதை போட்டபிறகு பழகிய பழக்கம், ஒன்றரை நூற்றாண்டு வயதுகூட அதற்கு ஆகவில்லை.

நான் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள். ஆந்திராவில் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள். பழைய இலக்கணம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் உரிப்பொருள் புணர்தல். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். காதலர் கூடுவதற்கு நம் புலவர்கள் கொடுத்த இடம் மலைச்சாரல். கடற்கரைக்குக் கொடுத்தது வராதவனுக்காக அழுகிற பெண்ணை. தேன்நிலவுக்குக் கடற்கரை போகவேண்டும் என்று கபிலரிடம் யாராவது சொல்லியிருந்தால், பிரிந்தபிறகா என்று கேட்டிருப்பார். தொல்காப்பியப் பாயிரத்தில் தமிழ்நிலத்தின் வட எல்லையாக நிற்கும் வேங்கடத்தின் அடியிலேயே குடியிருந்துகொண்டு, கூடுவதற்காக நெய்தலுக்குச் சீட்டு வாங்கினோம் நாங்கள். திணைமயக்கம் என்று இலக்கணம் இதற்கும் இடம் விட்டிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

போகிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து அரசாங்கக் கப்பல் இருக்கிறது. பங்க் வகுப்பில் சீட்டு மலிவு. ஆனால் கிட்டத்தட்ட மூன்று நாள் கடலில் ஆடவேண்டும். அவருக்கு ஏழுமலையான் பஸ்ஸிலேயே வளைவில் தலை சுற்றும். ஆகவே விமானம். பல மாதம் முன்பே, வார நடுவில், கூட்டம் இல்லாத தேதியாகப் பார்த்து எடுத்தோம். பிரம்மோற்சவத்துக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் ஊரில் அறை வாடகை என்ன ஆகும் என்று அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. டிராவல்ஸ்காரர் காட்டிய பேக்கேஜில் மெழுகுவர்த்தி இரவு உணவு என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்கான தொகையில் தீவில் மூன்று வேளை மீன் சாப்பாடு சாப்பிடலாம் என்று பின்னால் தெரிந்தது. ஹேவ்லாக் தீவு எங்கள் கணக்குக்கு இடம் தரவில்லை. இன்னும் சின்னதான நீல் தீவுக்குப் போனோம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது. 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சீட்டில் புதுப்பெயர், படகுக்காரர் வாயில் பழைய பெயர். தனியார் படகு குளிரூட்டிய கண்ணாடிக்குள் வேகமாகப் போகும், ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல். அரசாங்கப் படகு மெதுவாகப் போகும், சில நூறுதான். அதில் கோழிக்குஞ்சுக் கூடை, சிமெண்ட் மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் பாட்டி எல்லாம் உண்டு. காசு குறைவாக இருப்பவனுக்குத்தான் அந்த ஊர் கண்ணில் படுகிறது என்பதை எங்கள் ஊர்த் தர்ம தரிசன வரிசையிலும் பார்த்திருக்கிறேன்.

நீலில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளிகள். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் காடு திருத்திக் குடியேற்றினார்கள். அவர்கள் கைபட்டு அந்தத் தீவு அந்தமானுக்கே காய்கறித் தோட்டம் ஆகியிருக்கிறது. கடற்கரைகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் லக்ஷ்மண்பூர், பரத்பூர், சீதாபூர், ராம்நகர். கடல் தாண்டிப்போன கதையின் பெயர்களைக் கடலுக்கு நடுவில் கரையேறியவர்கள் வைத்திருக்கிறார்கள். போர்ட் பிளேரிலோ தெலுங்கும் தமிழும் தடுக்கி விழுந்தால் கேட்கும். ஸ்ரீகாகுளத்து மீனவர்கள், வெற்றிமலை முருகன் கோயில், இட்லிக் கடை. நீலில் அதெல்லாம் குறைவு. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த இந்தி தூர்தர்ஷன் இந்தி.

விருந்தாளி ஊரில் பிறந்தவள் விருந்தாளியாகப் போனால் கண் வேறு இடத்துக்குப் போகிறது. அறையைக் காட்டிய அம்மாள் கட்டில், மின்விசிறி எல்லாம் காட்டிவிட்டு, குழாயடியில் நின்று தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்கச் சொன்னார். சுற்றிலும் கடல், குடிக்க மழைத்தண்ணீர் தேங்கியதுதான். எனக்குத் திருமலை நினைவுக்கு வந்தது. கோகர்ப்பம், ஆகாசகங்கை, பாபவிநாசம், குமாரதாரா, பசுப்புதாரா என்று மலைமேல் கட்டிய அணைகளும் கீழே கல்யாணி அணையும் சேர்ந்துதான் நாள்தோறும் அறுபதாயிரம், எண்பதாயிரம் பேருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. வருகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்கள்? மழை பொய்த்த வருஷங்களில் ஊருக்குள் குடத்தோடு நின்றவர்களுக்கு அது தெரியும். மலையுச்சியும் தீவும் இதில் ஒன்றுதான். வருகிறவன் தாகத்தை வீட்டிலிருந்து கொண்டுவருகிறான், தண்ணீரை இங்கிருந்து எடுக்கிறான். ஒரு பக்கெட்டில் இருவரும் குளித்து முடித்தோம். அவர் முணுமுணுத்தார், ஆனால் செய்தார்.

அங்கே இருட்டு சீக்கிரம் வந்துவிடும். கடிகாரம் நம்முடையது, சூரியன் அவர்களுடையது. பனிக்காலத்தில் ஐந்தேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, பொழுது படும் நேரம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஏன் அந்த நேரம் என்று எந்த மாணவியும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. லக்ஷ்மண்பூரில் மணலில் உட்கார்ந்திருந்தோம். பின்னால் தாழை, அதற்கும் பின்னால் புன்னை. முன்னால் சின்ன நண்டுகள் மணலை உருட்டி உருட்டிக் கோலம் போட்டுவிட்டு வளைக்குள் ஓடின. அகநானூற்றுப் பெண்கள் விரட்டி விளையாடிய அதே நண்டுக் கூட்டத்தின் பங்காளிகள். முதற்பொருளும் கருப்பொருளும் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. உரிப்பொருள் மட்டும் வரவில்லை. இவர் ஒரு முழு மாலை என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் வெந்நீர் போடாமல், கடலை தின்றுகொண்டிருந்தார். இரங்க ஒன்றுமில்லை.

அந்த இரங்கல் மறுநாள் தண்ணீருக்குள் வந்தது.

பரத்பூர் கடற்கரையில் கண்ணாடி அடிப்படகும் உண்டு. முகமூடி போட்டு மிதப்பதும் உண்டு. இரண்டாவதற்கு ஸ்நார்க்லிங் என்று பெயர். ஆழத்துக்குப் போவதில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குப்புற மிதக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணையும் மூக்கையும் சேர்த்து ஒரு கண்ணாடி மூடிவிடும். வாயில் கடித்துக்கொள்ளும் குழாயின் மறுமுனை தலைக்குப் பின்னால் தண்ணீருக்கு மேலே நிற்கும். மூச்சு வாயால் மட்டும். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் காலத்தில் ஏரியோரத்து ஊர்களில் ஆண்பிள்ளைகள் கிணற்றில் குதித்தார்கள். பெண்பிள்ளைகள் படியில் நின்று துணி துவைத்தோம். சுடிதாருக்கு மேலே மிதவைச் சட்டை மாட்டி, ஒரு ரப்பர் வளையத்தில் என் கையையும் அவர் கையையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னான் வழிகாட்டிப் பையன். வளையத்தை அவன் இழுத்துக்கொண்டு போவான். கண்ணாடிக்குள் ஆவி படியாமலிருக்க அதில் எச்சில் துப்பித் தேய்த்துக் கடல்நீரில் அலசிக் கொடுத்தான். ஆசாரமான குடும்பத்தில் பிறந்த என் கணவர் அதை வாங்கி மாட்டிக்கொண்ட காட்சியை மாமியாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

சைகைகள் சொல்லிக்கொடுத்தான். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் என்றால் சரி. கட்டைவிரல் மேலே என்றால், என்னை மேலே தூக்கு. இவர் ஒவ்வொரு மீனுக்கும் கட்டைவிரலை உயர்த்தி 'பிரமாதம்' என்றார். ஒவ்வொரு முறையும் பையன் பதறி அவரைத் தூக்கி நிறுத்தினான்.

முதலில் பயம்தான். முகம் தண்ணீரில் பட்டதும் உடம்பு மூச்சை நிறுத்திக்கொள்கிறது. மூச்சு விடலாம் என்று அறிவு சொன்னாலும் நெஞ்சு நம்ப மறுக்கிறது. உப்புநீர் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று உடம்புக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் காதில் என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. கீழே பார்த்தேன்.

படங்களில் பார்த்த வண்ணம் அங்கே இல்லை. இதை முன்பே யாராவது சொல்லிவிட்டால் போகிறவர்களுக்கு நல்லது. பவளப்பாறை பெரும்பாலும் பழுப்பு, காக்கி, மங்கிய பச்சை. தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடுகிறது. படங்களில் அதைத் திரும்ப ஏற்றுகிறார்கள். நாம் பவளம் என்று மோதிரத்தில் வைக்கும் செம்மணி வேறு இனம், மத்தியதரைக் கடலில் விளைவது. முசிறிக்கு யவனக் கப்பல்கள் கொண்டுவந்த சரக்குகளில் பவளமும் ஒன்று என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பெரிப்ளுஸ் சொல்கிறது. நம் கடலில் இருப்பது வீடு கட்டுகிற இனம். மான்கொம்பு மாதிரி கிளைப்பது ஒன்று, மூளை மடிப்பாக உருண்டு கிடப்பது ஒன்று. நம் மீனவர்கள் அதைப் பாறை என்றே சொன்னார்கள். மன்னார் வளைகுடாவில் அதை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் சிமெண்டுக்கும் அனுப்பினோம். வெட்டி வெட்டி, இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன.

வண்ணமெல்லாம் மீன்களிடம் இருந்தது. மஞ்சளில் கருங்கோடு போட்டவை, நீலத்தில் மஞ்சள் வாலுள்ளவை. ஒரு பெரிய சிப்பி, ஊதா உதட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கள் நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. ஏதோ கரகரவென்று கேட்டது. கிளியலகு போன்ற பல்லுள்ள கிளிமீன் பாறையைக் கடிக்கும் சத்தம். பாறையோடு பாசியைக் கடித்துத் தின்று, சுண்ணாம்பை மணலாக வெளியே விடுகிறது. முந்தின மாலை நாங்கள் உட்கார்ந்து கடலை தின்ற வெண்மணலில் ஒரு பங்கு இந்த மீன்களின் கழிவு. அவரிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். வாயில் குழாய்.

சொல்ல முடியவில்லை என்பதுதான் அங்கே முக்கியமான விஷயம். கைகோத்திருந்தோம், ஒரே வளையம், ஒரே தண்ணீர். ஆனால் நான் பார்த்தது எனக்கு, அவர் பார்த்தது அவருக்கு. நான் சிப்பியைக் காட்டியபோது அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையை அழுத்தியபோது நான் திரும்பிப் பார்க்குமுன் அது போய்விட்டது. திருமலையிலும் அப்படித்தான். கருவறை முன்னால் சில நொடி கிடைக்கிறது, "ஜரகண்டி ஜரகண்டி" என்று தள்ளிவிடுகிறார்கள். வெளியே வந்ததும் கணவன் மனைவியிடம் கேட்கிறான், நன்றாகப் பார்த்தாயா என்று. ஒருநாளும் இருவரும் ஒரே பெருமாளைப் பார்த்ததில்லை. இவருக்குத் திருநாமம், எனக்குப் பாதம். எத்தனை நெருங்கிப் படுத்தாலும் பார்வை தனித்தனி. நெய்தலை இரங்கலுக்கு ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு உரையாசிரியர்கள் வேறு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அந்தத் தண்ணீரில் கிடைத்த விளக்கம் இது.

அப்புறம் வெள்ளை வந்தது. ஒரு திருப்பத்துக்குப் பிறகு பாறை வெளுத்துக் கிடந்தது. சிலது முழு வெள்ளை. சிலதின்மேல் கரும்பாசி ஏறி நொறுங்கிக் குவியலாகியிருந்தது. பவளம் பிராணி. ஊசிமுனை வாயுள்ள சின்னஞ்சிறு உயிர்கள் கோடிக்கணக்கில் கூடிக் கட்டுகிற சுண்ணாம்புக் கூடு அது. அவற்றின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலை உணவாக்கி அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. நிறமும் பாசியுடையதே. கோடையில் கடல் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறிச் சில வாரம் நீடித்தால் போதும், அந்தக் குடித்தனம் முறிந்துவிடும். பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெள்ளையாக நிற்கும். உடனே சாவதில்லை. கடல் ஆறினால் பாசி திரும்ப வரலாம். ஆறாவிட்டால் பட்டினியில் சாகும். அந்தமானில் 1998இல் இப்படி ஆயிற்று. 2010 கோடையில் நீர் 31 டிகிரிக்கு மேலே போய்க் கடுமையாக ஆயிற்று. 2016இல் மறுபடி. 2024 ஏப்ரலில் உலகக் கடல்களில் நான்காம் முறையாகப் பவளம் வெளுக்கிறது என்று அறிவித்தார்கள். நடுவில் 2004 சுனாமி. அதன் நிலநடுக்கம் அந்தமானின் வடபகுதியைத் தூக்கி, பாறைகளை வெயிலில் காயப்போட்டது. தெற்கைத் தாழ்த்தி, வயல்களில் கடலை விட்டது. நான் பார்த்த வெள்ளை இவற்றில் எந்த வருஷத்தியது என்று பையனுக்குத் தெரியவில்லை. அவன் பிறந்ததிலிருந்தே அந்தப் பக்கம் அப்படித்தானாம்.

நம் நெய்தல் தலைவி அழுதது வராமல் போனவனுக்காக. கடலுக்காக யாரும் அழுததில்லை. அது இருக்கும், ஆள்தான் போவான் என்பது அந்தப் பாட்டுகளின் நம்பிக்கை. முத்துக்கும் சங்குக்கும் கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கிய பரதவர் கடலடியைப் பார்த்தார்கள், ஆனால் பார்ப்பதற்காக இறங்கவில்லை. ஒன்றும் எடுக்காமல் பார்த்துவிட்டு வர நம்மவர்கள் கடலுக்குள் தலை விட்டது எங்கள் காலத்தில்தான். பார்க்கப் பழகிய அதே காலத்திலேயே அது வெளுக்கிறது. விமானத்தில் போய்ப் பார்த்துவந்த எங்கள் புகையும் அந்தச் சூட்டில் ஒரு துளி என்பது தெரியாமலில்லை. தெரிந்தும் போனோம். மறுபடி வாய்த்தால் போவோம் என்றுதான் நினைக்கிறேன்.

பக்கத்தில் ஒருவர் களைத்துப்போய்ப் பாறைமேல் எழுந்து நின்றார். பையன் அவரைத் திட்டியதில் பாதி வங்காளம், பாதி விசில். இன்னொரு குடும்பம் மீனைக் கூட்ட ரொட்டித் துண்டு போட்டது. காசு கொடுத்து வந்திருக்கிறோம் என்ற மிதப்பு எல்லா ஊர் விருந்தாளிக்கும் ஒன்று போல. கரையில் ஒரு பெண் உடைந்த பவளக்கிளையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பவளம் 2001இலிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்குச் சமம், செத்த துண்டானாலும் எடுக்கக்கூடாது, விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று என் தூர்தர்ஷன் இந்தியில் சொன்னேன். புலி என்ற சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்டுக் கீழே போட்டாள்.

கரையில் இளநீர் குடிக்கும்போது பையன் எந்த ஊர் என்று கேட்டான். திருப்பதி என்றார் இவர். "பாலாஜி?" என்று எழுந்து நின்றுவிட்டான். பாலாஜி ஊர்க்காரர்களை அவன் இழுத்துக்கொண்டு போயிருக்கிறான், முன்பே சொல்லியிருந்தால் இன்னும் கால்மணி நேரம் சுற்றிக் காட்டியிருப்பான் என்று வருத்தப்பட்டான். அம்மாவுக்கு வேண்டுதல் இருக்கிறதாம். கப்பலில் சென்னை வந்து, அங்கிருந்து ரயிலில் வரவேண்டும். முன்னூறு ரூபாய் டிக்கெட் எப்படி எடுப்பது, லட்டு ஒருவருக்கு எத்தனை, தங்க இடம் கிடைக்குமா. இவர் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்த தோரணை வந்து, மணலில் விரலால் எழுதி விளக்கினார். மூன்று மாதம் முன்பே ஆன்லைனில் திறப்பார்கள், அன்று காலை பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும், ஆதார் எண் தயாராக இருக்கவேண்டும். அம்மாவுக்கு அறுபத்தைந்து ஆகிவிட்டதென்றால் மூத்த குடிமக்கள் சீட்டு தனி. தங்குவதற்கு என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்தார். நான் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துக் காட்டினேன்.

பங்குனியில் வருகிறார்களாம். அம்மா மீன் இல்லாமல் சாப்பிடமாட்டார், மலைக்குப் போகிற நாள் மட்டும் பரவாயில்லை என்று போனில் சொன்னான். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இருவரும் அடுப்பங்கரையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.